பல் சிகிச்சையில் கையுறையை எவ்வளவு நம்பலாம்: பெட்டியைப் பிரிப்பது முதல் கழற்றிப் போடுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஈறுக்கு அடியில் படிந்திருந்த காரையைச் சுரண்டி முடிக்க அன்று ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. கையுறையைக் கழற்றினேன். வலது கை விரல்கள் வழக்கம்போல வியர்த்திருந்தன. இடது கை ஆள்காட்டி விரல் நுனி மட்டும் வேறு மாதிரி இருந்தது. தோல் வெளுத்துச் சுருங்கி, நகக்கண்ணை ஒட்டி லேசான சிவப்புக் கறை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை. குழாயடியில் பிடித்துத் தண்ணீர் நிரப்பினேன். விரல் நுனிக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில், தலைமுடி கனத்தில் ஒரு நீர்க்கோடு பீய்ச்சியது. அந்த ஓட்டை எப்போது விழுந்தது, எத்தனை நிமிடம் அந்த ரத்தமும் எச்சிலும் என் தோலோடு ஒட்டிக் கிடந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து கையுறையைச் சுவராக நினைப்பதை விட்டுவிட்டேன். வாய்க்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து தேயத் தொடங்கும் மெல்லிய படலம் அது. எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், எப்படி வைக்கிறோம், எப்போது மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதை நம்ப முடியும். பல் மருத்துவர்களுக்கும், உதவியாளர்களுக்கும், கருவிகளைக் கழுவி அடுக்குபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பல் மருத்துவம் கையுறைக்குப் பழகியது மிகத் தாமதமாகத்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890ஐ ஒட்டி ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தார். கிருமிநாசினியால் புண்பட்ட ஒரு செவிலியரின் கையைக் காப்பாற்றத்தான் முதலில் அதைச் செய்தார். அப்புறம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் வாய்க்குள் வேலை பார்த்தார்கள். நோயாளியின் வாயிலிருந்த ஹெர்பெஸ் வைரஸ் மருத்துவரின் விரல் நுனியில் கொப்புளமாக வருவது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த தொழில் நோய். 1980களில் எச்.ஐ.வி. பரவிய பிறகுதான் நிலைமை மாறியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1986இல் பல் மருத்துவத்துக்கான தொற்றுத் தடுப்புப் பரிந்துரைகளை வெளியிட்டது. ரத்தத்தின் வழியே பரவும் கிருமிகளுக்கான பணியிடப் பாதுகாப்பு விதி அங்கே 1991இல் வந்தது.

படி 1: பெட்டியைப் படியுங்கள்

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் விளம்பரத்தை விட்டுவிடுங்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ஏ.க்யூ.எல்.' என்று ஓர் எண் இருக்கும். 1.5 அல்லது 2.5 என்று போட்டிருப்பார்கள். அந்த எண்தான் முக்கியம்.

உற்பத்தியான தொகுதியிலிருந்து சில உறைகளை மாதிரியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் 1000 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கழித்துக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கசியும் உறைகள் எத்தனை வரை இருந்தால் அந்தத் தொகுதியை ஏற்கலாம் என்ற வரம்பைத்தான் ஏ.க்யூ.எல். சொல்கிறது. எண் குறையக் குறைய வரம்பு இறுக்கம். ஐரோப்பாவின் ஈ.என். 455 தரத்தில் பரிசோதனைக் கையுறைக்கு இது 1.5. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. பரிசோதனைக் கையுறைக்கு 2.5 என்றும், அறுவை சிகிச்சைக் கையுறைக்கு 1.5 என்றும் வைத்திருக்கிறது. முன்பு இவை 4.0, 2.5 என்று இன்னும் தளர்வாக இருந்தன.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, சோதித்த உறை குப்பைக்குப் போய்விடும். உங்கள் கையில் இருப்பது சோதிக்கப்படாத உறை. இரண்டாவது, சின்ன சதவீதமும் நாள் முழுவதும் சேர்ந்தால் பெரிதாகிவிடும். ஒரு நாளில் 20 பேருக்குச் சிகிச்சை, ஆளுக்கு ஒரு ஜோடி, ஆக 40 உறைகள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 1.5 உறை கசியும் பெட்டியாக இருந்தால், அந்த 40இல் ஒன்றாவது கையில் போடும்போதே ஓட்டையாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம். நூற்றுக்கு 2.5 என்றால் 64 சதவீதம் வரை போகும். நல்ல தயாரிப்பாளர்களின் பெட்டிகள் இந்த வரம்புக்கு வெகு கீழேயே இருக்கும். ஆனாலும் தரச்சான்று வரம்பை மட்டும்தான் உறுதி செய்கிறது. கணக்குப் போடும்போது அந்த வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இன்னும் சில விவரங்களைத் தேடுங்கள். தொகுதி எண், காலாவதித் தேதி, 'மருத்துவப் பரிசோதனைக் கையுறை' என்ற தெளிவான குறிப்பு. சமையலறைக்கும் துப்புரவுக்கும் விற்கும் உறைகள் பார்வைக்கு அச்சாக இதே மாதிரிதான் இருக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று அவற்றை வாய்க்குள் கொண்டுபோகக் கூடாது. வைரஸ் தடுப்புச் சோதனை செய்த உறை என்றால் அதற்கான குறிப்பு தனியாக இருக்கும். அந்தச் சோதனையில் ஏறக்குறைய 27 நானோமீட்டர் அளவுள்ள, மனிதருக்குத் தீங்கு செய்யாத ஒரு பாக்டீரியா வைரஸை வைத்துப் பார்ப்பார்கள். நம்மை அச்சுறுத்தும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் அதைவிடப் பெரியவை. ஆக, நல்ல உறையில் ஓட்டை இல்லாத இடத்தை வைரஸ் தாண்டாது. நம் கவலையெல்லாம் ஓட்டையைப் பற்றித்தான்.

படி 2: வேலைக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுங்கள்

லேடெக்ஸ் நன்றாக நீளும், கையோடு ஒட்டி நிற்கும், விரல் நுனி உணர்வு குறையாது. சின்னக் குத்துகளில் ரப்பர் தானே சுருங்கிக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. ஆனால் இயற்கை ரப்பரிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். அது நோயாளிக்கும் வரலாம், நமக்கும் வரலாம். தடிப்பு, தும்மலில் தொடங்கி மூச்சடைப்பு வரை போகக்கூடிய ஒவ்வாமை அது. கையுறைக்குள் தூவிய மாவு அந்தப் புரதத்தைக் காற்றில் கொண்டுபோகிறது என்பது உள்ளிட்ட காரணங்களால் எஃப்.டி.ஏ. மாவு போட்ட கையுறைகளை 2017 ஜனவரியிலிருந்து தடை செய்தது. எங்காவது மாவு உறை இன்னும் கிடைத்தால் வாங்காதீர்கள்.

நைட்ரைல் செயற்கை ரப்பர், அதில் அந்தப் புரதம் இல்லை. குத்தைத் தாங்குவதிலும் பல ரசாயனங்களைத் தாங்குவதிலும் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் லேடெக்ஸ் அளவுக்கு நீளாது. கிழியத் தொடங்கினால் சட்டென்று பெரிதாகக் கிழியும். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான், கிழிந்தது உடனே கண்ணில் படும். அமெரிக்கத் தரத்தில் நைட்ரைல் உறையின் விரல் பகுதிக்குக் குறைந்தபட்சத் தடிமன் 0.05 மி.மீ. லேடெக்ஸுக்கு 0.08 மி.மீ. பெட்டியில் 'நைட்ரைல்' என்று இருந்தால் போதாது. தடிமனையும் கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் வகையான வினைலை நான் வாய்க்குள் பயன்படுத்துவதில்லை. ஐரோப்பியத் தரத்தில் லேடெக்ஸும் நைட்ரைலும் அறுபட 6 நியூட்டன் விசையாவது தேவை என்று இருக்கும்போது, வினைலுக்கு 3.6 நியூட்டன் போதும் என்று விட்டிருக்கிறார்கள். கையோடு ஒட்டாமல் தொளதொளவென்று நிற்கும், விரல் இடுக்குகளில் சீக்கிரம் விட்டுப்போகும். இருந்தாலும் ஓரிடத்தில் அதற்கு வேலை உண்டு. சிலிகான் புட்டியைக் கையால் பிசைந்து பல்லின் அச்சை அளவு எடுக்கும்போது லேடெக்ஸ் உறை போட்டிருந்தால், ரப்பரிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புட்டியின் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்துவிடும். மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். புட்டியைக் குறை சொல்லி இரண்டாவது முறை அளவு எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். லேடெக்ஸைக் கழற்றி, கையை நன்றாகக் கழுவி, வினைல் உறையோடு பிசையுங்கள். சில நைட்ரைல் உறைகளும் இதே தொல்லையைத் தரும். உங்களிடம் இருக்கும் உறையோடு ஒரு சின்ன உருண்டை பிசைந்து, சொன்ன நேரத்தில் இறுகுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

பல் பிடுங்குவதைத் தாண்டி ஈறைத் திறப்பது, எலும்பைச் செதுக்குவது, இம்ப்ளாண்ட் வைப்பது என்று போனால் ஸ்டெரைல் அறுவை சிகிச்சைக் கையுறை கட்டாயம். கருவி கழுவும் இடத்துக்கு நீளமான, தடித்த, குத்துத் தாங்கும் ரப்பர் உறை. பரிசோதனைக் கையுறையோடு, காரையைச் சுரண்டும் ஸ்கேலரையும் பல்லைத் துழாவும் கூர்முனை எக்ஸ்ப்ளோரரையும் தேய்த்துக் கழுவுவதுதான் கிளினிக்குகளில் நடக்கும் மிக ஆபத்தான வேலை. பெரும்பாலும் அதைச் செய்பவர் புதிதாகச் சேர்ந்த, எதிர்த்துக் கேட்கத் தயங்கும் உதவியாளராகத்தான் இருப்பார். அவருக்குத் தடித்த உறை வாங்கிக் கொடுப்பது உரிமையாளரின் பொறுப்பு.

அளவிலும் கவனம் வேண்டும். பெரிய உறையின் நுனி மடிந்து, பல்லைக் குடையும் சுழல்முனையான பரில் சிக்கும். சிறிய உறை இழுபட்டு மெலியும், கையும் வலிக்கும். நாள் முழுக்க வேலை செய்பவர் இடது, வலது என்று தனித்தனியாக வார்த்த உறையைப் போட்டுப் பார்க்கலாம். இரு கைக்கும் பொதுவான உறை கட்டைவிரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

படி 3: வைக்கும் இடம்

வெயில், சூடு, ஓசோன் மூன்றும் ரப்பரை மெல்ல மெல்ல உடையவைக்கும். ஜன்னல் ஓரம், கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் பக்கம், எக்ஸ்ரே கருவி, மோட்டார், புற ஊதா விளக்கு இருக்கும் இடம் எதுவும் வேண்டாம். பழைய பெட்டியை முதலில் எடுங்கள். பெட்டியின் வாயில் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரக் கையை உள்ளே விடாதீர்கள்.

படி 4: கையைத் தயார் செய்யுங்கள்

மோதிரம், கடிகாரம் கழற்ற வேண்டும். நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது, ஒட்டு நகம் கூடவே கூடாது. உறையை உள்ளிருந்து குத்துவது பெரும்பாலும் இவைதான்.

சோப்பு போட்டு 40 முதல் 60 நொடி, அல்லது ஆல்கஹால் சானிடைசரால் 20 முதல் 30 நொடி. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதன் பிறகு கை முழுசாகக் காயட்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். ஈரக் கையில் உறை ஏறாது. இழுக்கும்போது மணிக்கட்டு ஓரம் கிழியும். உள்ளே அடைபட்ட ஈரமும் சானிடைசரும் தோலை அரித்து எரிச்சலைக் கொண்டுவரும். 'எனக்கு கிளவுஸ் அலர்ஜி' என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது ஒவ்வாமை அல்ல, இந்த எரிச்சல்தான். உண்மையான ஒவ்வாமையில் இன்னொரு வகையும் உண்டு. ரப்பரை இறுகவைக்கச் சேர்க்கும் ரசாயனங்களால் ஓரிரு நாள் கழித்து வரும் அரிப்பும் வெடிப்பும் அது. நைட்ரைலிலும் அந்த ரசாயனங்கள் இருக்கலாம் என்பதால் லேடெக்ஸை மாற்றினால் மட்டும் தீராது. தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) எடுத்துவிடுவது நல்லது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெடித்த தோலோடு போட்ட உறையில் ஓட்டை விழுந்தால் இரண்டு தடுப்பும் ஒரே நேரத்தில் போய்விடும். வேலை நேரத்தில் வாஸ்லின் மாதிரி பெட்ரோலியக் களிம்புகளும் வேண்டாம், அவை லேடெக்ஸைப் பலவீனமாக்கும். இரவில் படுக்கும் முன் தாராளமாகத் தடவுங்கள்.

படி 5: அணிந்ததும் ஒரு பார்வை

முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்ட பிறகு கடைசியாகக் கையுறை. மணிக்கட்டு விளிம்பைப் பிடித்து இழுத்துப் போடுங்கள், விரல் நுனியைக் கிள்ளி இழுக்காதீர்கள். பிறகு இரு கைகளையும் வெளிச்சத்தில் விரித்து, விரல் இடுக்குகளையும் நுனிகளையும் ஒருமுறை பாருங்கள். இதில் எல்லா ஓட்டையும் தெரிந்துவிடாது. என் அனுபவத்தில் தெரிவது பெரிய கிழிசல்களும், உறை ஓரிடத்தில் மட்டும் மெலிந்து கண்ணாடி மாதிரி நிற்பதும்தான். இருந்தாலும் ஐந்து நொடி வேலைதானே.

படி 6: வேலைக்கு நடுவே எங்கே கிழிகிறது

வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடது ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்தான் அதிகம் அடிபடும். கன்னத்தையும் நாக்கையும் விலக்கிப் பிடிப்பவை அவை. கருவியின் முனை வழுக்கினால் போய் நிற்கும் இடமும் அதுதான். வெளிநோயாளிகளுக்குச் செய்யும் வாய் அறுவை சிகிச்சைகளில் கையுறைகள் 6 முதல் 16 சதவீதம் வரை ஓட்டையாகின்றன என்று ஆய்வுகளில் பதிவாகியிருப்பதைச் சி.டி.சி. 2003 வழிகாட்டுதலில் குறிப்பிட்டது. போட்டிருப்பவர் அவற்றில் பெரும்பாலானவற்றை உணர்வதே இல்லை.

மற்ற மருத்துவத் துறைகளைவிடப் பல் மருத்துவத்தில் கையுறை சீக்கிரம் நலிவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வேலை முழுக்க ஈரத்தில் நடக்கிறது. சுழலும் பர், அதிரும் ஸ்கேலர், கம்பி முனை, பல்லைச் சுற்றும் உலோகப் பேண்டின் கூரான விளிம்பு, ரப்பர் டேம் விரிப்பைப் பல்லில் பிடிக்கும் கிளாம்ப், உடைந்த பல்லின் ஓரம் எல்லாமே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடத்துக்குள். பல்வேரின் உட்குழலைச் சுத்தம் செய்யும் ரூட் கேனல் ஃபைலை விரலாலேயே திருகுகிறோம், விரலாலேயே துடைக்கிறோம். அப்படித் துடைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பஞ்சுத் துண்டோ ஸ்பாஞ்சோ வைத்து அதில் குத்தித் துடையுங்கள்.

இன்னொன்று பர். வேலை முடிந்ததும் பரைச் சுழற்றும் கைப்பிடியான ஹேண்ட்பீஸை அதன் இடத்தில் மாட்டுகிறோம். பர் அதிலேயே நிற்கிறது, முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தட்டை எடுக்கப் போகும் கையின் புறங்கையில் அது ஒரு கோடு போடும். நமக்கு உறைப்பதற்குள் உறையும் தோலும் கிழிந்திருக்கும். பரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள், அல்லது முனை உள்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். மயக்க மருந்து ஊசியின் மூடியை ஒரு கையால், தட்டிலிருந்தே அள்ளி மூடுங்கள். மற்றக் கையால் மூடியைப் பிடித்தபடி ஊசியைச் செருகாதீர்கள்.

ரத்தம் அதிகம் வரும் வேலைகளில் இரட்டைக் கையுறை போடலாம். உள்உறையில் ஓட்டை விழுவது வெகுவாகக் குறையும். உள்ளே அடர் நிறம், வெளியே வெளிர் நிறம் என்று போட்டால் வெளி உறை குத்துப்பட்ட இடத்தில் ஈரம் புகுந்து நிறம் மாறித் தெரியும். முதல் சில நாள் விரல் மரத்த மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

ஓட்டையே இல்லாமலும் உறை தோற்கும் ஓரிடம் உண்டு. பல்லை அடைக்கும் காம்போசிட்டிலும் அதைப் பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங் திரவத்திலும் இருக்கும் ஹேமா போன்ற மெதாக்ரிலேட் சேர்மங்கள் நாம் அணியும் மெல்லிய உறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். நைட்ரைல் சற்றுத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். நீர் கசியாத உறையிலும் இது நடக்கும். விரல் நுனியில் தோல் தடித்து, காய்ந்து, வெடிக்கும் ஒவ்வாமை பல் மருத்துவர்களுக்கு வருவது இப்படித்தான். ஒருமுறை வந்துவிட்டால் அந்தப் பொருளோடு வாழ்நாள் முழுக்கத் தகராறு. காம்போசிட்டை விரலால் உருட்டாதீர்கள். பாண்டிங் புட்டியின் வாயை உறையால் துடைக்காதீர்கள். ஒரு துளி பட்டாலும் உடனே உறையைக் கழற்றி, கையைக் கழுவி, புதிய உறை போடுங்கள்.

படி 7: எப்போது மாற்ற வேண்டும்

ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய ஜோடி. இதில் விவாதமே கிடையாது. ஒரே நோயாளியிடம் வேலை நீண்டால், கிழிந்ததும் மாற்ற வேண்டும். குத்துப்பட்டது மாதிரி தோன்றினாலும் மாற்ற வேண்டும். உள்ளே ஈரமாக உணர்ந்தால் அது வியர்வைதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள், கழற்றிப் பாருங்கள். இதற்கு மேல் நானாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எதுவும் நடக்காவிட்டாலும் முப்பது முதல் நாற்பது நிமிடத்துக்குள் மாற்றிவிடுவேன். நேரம் ஏற ஏற ஓட்டையின் வாய்ப்பும் ஏறும் என்பது தெரிந்த விஷயம். வாய் கொப்பளிக்கச் சொல்லும் இடைவெளி அதற்குப் போதும்.

கையுறையைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது. சோப்பு நீர் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியாகத் திரவத்தை உள்ளே இழுக்கும். சானிடைசரைப் பரிசோதனைக் கையுறையின் மேல் தடவுவதும் பொருளை நலியவைக்கும்.

மேசை இழுப்பறை, கைபேசி, கணினி, பேனா எதையும் அதே உறையோடு தொடாதீர்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். நடுவில் ஏதாவது எடுக்க வேண்டியிருந்தால் உதவியாளரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தனியாக வேலை செய்பவர் உறையைக் கழற்றிவிட்டு எடுக்கட்டும்.

படி 8: கழற்றுவதும் கழுவுவதும்

ஒரு கையின் விளிம்பை வெளிப்பக்கமாகக் கிள்ளி, உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, மற்றக் கையில் சுருட்டிப் பிடியுங்கள். வெறும் விரலை இரண்டாவது உறையின் உள்பக்கம் விட்டு, முதல் உறையையும் சேர்த்து மூடியபடி உரியுங்கள். சட்டென்று இழுத்தால் எச்சில் துளி முகத்துக்குத் தெறிக்கும். மருத்துவக் கழிவுத் தொட்டியில் போட்டதும் கையைக் கழுவுங்கள். உறை போட்டிருந்தோமே என்று இந்தக் கழுவலை விட்டுவிடுபவர் முதல் படியின் கணக்கை மறுபடி பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாகப் புகுந்ததை அகற்ற நமக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு இதுதான்.

படி 9: நீங்களே சோதியுங்கள்

புதிய தொகுதி வந்ததும் பத்து உறைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, விளிம்பைக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து வெளிப்புறத்தை உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். பத்து உறையை வைத்து ஒரு தொகுதிக்குச் சான்று தர முடியாது. ஆனால் பத்தில் இரண்டு கசிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேறு காரணம் தேவையில்லை. கையில் ஓட்டையானவற்றையும் தேதி, தொகுதி எண், எந்த விரல், என்ன வேலை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் மூன்று மாதத்தில் ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. ஓட்டைகளில் பாதிக்கு மேல் கையால் ஸ்கேலிங் செய்த நாட்களில் விழுந்திருந்தன, அதுவும் மதியத்துக்குப் பிறகு. வேலையின்போது விரலை ஊன்றும் விதத்தை மாற்றிக்கொண்டேன், கருவிகளை அடிக்கடி தீட்டத் தொடங்கினேன். மொண்ணையான கருவிக்கு அதிக அழுத்தம் தேவைப்படும், அழுத்தினால் வழுக்கும்.

படி 10: உறையைத் தாண்டிக் குத்திவிட்டால்

வேலையை நிறுத்துங்கள். நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். உறையைக் கழற்றி, காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், பிளீச்சிங் திரவம் மாதிரி காரமான எதையும் ஊற்ற வேண்டாம். ஊசி உறையைத் துளைத்து வரும்போது அதன் மேல் ஒட்டிய ரத்தத்தில் ஒரு பகுதியை உறை துடைத்துவிடும் என்பது உண்மைதான். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

நோயாளிக்குத் தொற்று இருந்தால், ஒரு குத்தில் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் சி சுமார் 0.2 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 6 முதல் 30 சதவீதம். கடைசி எண்ணைத் தடுப்பூசியால் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கிவிட முடியும். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். கிளினிக்கில் கருவி கழுவுபவர் வரை எல்லோருக்கும் இது நடந்திருக்க வேண்டும்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பலன் எதிர்பார்க்க முடியாது. அந்த மருந்து எங்கே கிடைக்கும், இரவிலும் விடுமுறையிலும் யாரை அழைக்க வேண்டும் என்ற விவரத்தை இன்றைக்கே விசாரித்து, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.